மஞ்சள் விலகிய பிரதி

கர்னல் கந்தகம் முதலில் வந்தது
பதினேழாம் இதழின் நாற்பத்தோராம் பக்கத்தில்,
ஒரே ஒரு கட்டத்தில்,
அதுவும் முதுகு காட்டி.
பெயர்கூட இல்லை. 'ஒருவன்' என்று போட்டிருந்தது.

பதினெட்டாம் இதழ் அட்டையில்தான் முகம்.
சிவகாசியில் அன்றைக்கு யாரோ தாளைச் சரியாக ஏற்றவில்லை.
மஞ்சள் மை அரை அங்குலம் விலகி
முகம் வெளுத்து நிற்க,
அதன் நிறம் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.
முந்நூறு பிரதி ஓடிய பிறகே
மெஷினை நிறுத்தினார்களாம்.
ஓவியருக்குப் பிடித்துப்போயிற்று.
அதன்பின் எல்லா இதழிலும்
கர்னல் ஒரு பக்கம், கர்னலின் மஞ்சள் ஒரு பக்கம்
என்றே நடந்தார்கள்.

பதினெட்டில் செத்தான்.
இருபத்துமூன்றில் வந்தான். எப்படி என்று சொல்லவில்லை.
முப்பதில் மறுபடி செத்தான்.
மேட்டூர்த் தண்ணீர் மாதிரி:
குறித்த தேதிக்கு வர மாட்டான்,
கைவிட்ட வாரத்தில் வந்து நிற்பான்.

அந்த முந்நூறில்
கணக்குக்கு வந்தவை பதினொன்று.
மூன்று என் பீரோவில்.

நான் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.
நெல்லில் பதினேழு சதம் ஈரம் வரை ஒப்புவோம்.
தாளில் அரை சதம் பொறுக்க மாட்டேன்.
மோந்தே சொல்லிவிடுவேன்
எது எழுபத்தேழு புயலில் நனைந்தது,
எது வெறும் ஐப்பசியில்.

நாயகன் ஏஜென்ட் வைரமணி மட்டும் வரும் இதழ்கள்
எடைக்கு எடை.
கர்னல் இருந்தால் ஆயிரத்தில் பேச்சு.
ஏனாம், என்று செண்பகவல்லி கேட்டாள்,
பீரோவில் தன் புடவைக்கு இடம் தேடிக்கொண்டே.
வைரமணி அடிப்பான், அடித்துவிட்டுச் சிரிப்பான்.
கர்னல்தான் உட்கார்ந்து விளக்குவான்:
எந்த மதகு, எத்தனை கன அடி,
எத்தனை நாளில் எந்தக் கடைமடை காயும் என்று.
பொதுப்பணித் துறையில் எனக்கு
இத்தனை தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை.
அவள் புடவையை என் சட்டை மேல் வைத்துச் சாத்தினாள்.

கூத்தாநல்லூரில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது.
ஜெய்னம்பு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
அட்டை அப்படியே. சுவரில் அந்த மஞ்சள்.
ஈரமே இல்லை.
என் கை நடுங்கியதை அவர் பார்த்திருப்பார்,
எட்டாயிரம் என்றார்.

புரட்டினேன்.
கடைசித் தாள் இல்லை.

"நானா கிழிச்சிட்டாரு. பத்து வயசு அப்ப.
அவன் சாவுறத யாரும் படிக்கக் கூடாதுன்னு
கப்பல் செஞ்சு ஆத்துல விட்டாரு.
சித்திரை மாசம், ஆத்துல ஏது தண்ணி?
ரெண்டு நாள் மணல்லயே கெடந்துச்சு."

நானா இப்போது புரூணையில்.
தாள் குறைந்தால் சேகரிப்பில் அது குப்பை.
சிங்கப்பூர் ஆட்கள் தொடவும் மாட்டார்கள்.
டின்னை மூடப் போனேன்.

"நெசமாவே செத்தானா?"

நாற்பத்தெட்டாம் பக்கம், மூன்றாம் கட்டம்,
ஷட்டருக்கு அடியில் நசுங்கி.
"அந்தத் தடவை செத்தான்" என்றேன்.

ஜெய்னம்பு ஜன்னல் பக்கம் திரும்பினார்.
ஜூலை முதல் வாரம்.
வாய்க்காலின் நட்டநடுவில் ஓர் ஆடு
நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"செத்திருந்தா தண்ணி வந்திருக்கணுமே."

பேரம் பேசவில்லை.
எட்டாயிரத்தை எண்ணி வைத்தேன்,
ஈர நோட்டு ஒன்றை மாற்றச் சொன்னார், மாற்றினேன்.
பீரோவில் மற்ற மூன்றோடு வைக்கவில்லை.
அவற்றில் அவன் செத்துக் கிடக்கிறான்.
செண்பகவல்லியின் தட்டில், புடவைக்கு அடியில்
இருக்கிறது.