இரண்டு கொடி, 1946

ஏப்ரல் முதல் தேதி சுரங்கம் நின்றது.
மூன்றாம் நாள்
கொடியில் காயப்போட்ட விரிப்பு
வெள்ளையாகவே கைக்குத் திரும்பி வந்தது.
நம்பாமல் முகர்ந்து பார்த்தேன்.
ஓடைக்கு அந்தப் பக்கம், கறுப்பர் வரிசையில்,
ஓடெஸா டாலிவர் தன் தலையணை உறையை
இரு கையாலும் உயர்த்திக் காட்டினாள்.
ஹார்லோ ஃபோர்க்கில் இப்படியொரு வெள்ளையை
என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஐம்பது நாள் வெளுப்பு.
கம்பெனிக் கடையில் பற்று எழுதுவதை நிறுத்தினார்கள்.
எல்லா வீட்டிலும் ஒரே பீன்ஸ், ஒரே வாசனை.
யுராய் (கம்பெனிப் பேரேட்டில் ஜார்ஜ்)
வாசற்படியில் உட்கார்ந்து
நகக்கண் கரியைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.
ஐம்பது நாளிலும் அது முழுக்க வரவில்லை.

மே மாதம், ஒரு புதன்கிழமை,
கடற்படை வந்தது.
சிரிக்காதீர்கள்.
இங்கிருந்து கடல் முந்நூறு மைல்.
வெள்ளை உடுப்பில் ஒரு லெப்டினன்ட், விட்கோம் என்று பெயர்,
சேற்றில் பலகை போட்டு நடந்துபோய்
அலுவலகக் கதவில் தாள் ஒன்றை ஒட்டினார்:
இந்தச் சுரங்கம் இன்றுமுதல் அரசாங்கத்தின் வசம்.
கரி கொட்டும் கோபுரத்தின் உச்சியில்
கொடி ஏறியது.
யுராய் எழுந்து நின்றான்.
பசிபிக்கில் மூன்று வருஷம் அதற்கு வணக்கம் வைத்த கை
பாதி தூரம் போய்,
காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அந்த வாரக் கடைசியில் ரேடியோ சொன்னது:
ரயில்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்,
திரும்பாவிட்டால் பட்டாளத்தில் சேர்த்துவிடுவார்களாம்.
"அப்படியானால் என்னை எதிலிருந்து விடுவித்தார்கள்?"
என்று சூப்பைக் கேட்டான் யுராய்.

பிறகு ஒப்பந்தம்.
டன்னுக்கு ஐந்து சென்ட், எங்கள் நோய்க்கு, எங்கள் சாவுக்கு.
பொய் சொல்லமாட்டேன், அந்த வரியை
இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.
ஆனால் மேலாளர் ஸ்ட்ரிக்லர் அதே நாற்காலியில் இருந்தார்.
நேற்றுவரை கம்பெனிக்கு, இன்றிலிருந்து நாட்டுக்கு.
தொப்பியைக்கூட மாற்றவில்லை.

ஜூலையில் கடற்படை மருத்துவர் ஒருவர்
கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் நடுவே நாடா பிடித்தார்.
பதினோரு அடி.
எழுதி, அடிக்கோடும் இட்டார்.
"இதைத்தான் இத்தனை வருஷமாக
மூக்கால் அளந்துகொண்டிருந்தோம்" என்றாள் ஓடெஸா.

துணி மறுபடி கறுத்தது.
என் கொடியில் கிடந்ததும்,
அவர்கள் கொடியாய்ப் பறந்ததும்.
காற்று ஒன்றுதானே.
செப்டம்பரில் நட்சத்திரங்களை எண்ண முடியவில்லை.
லெப்டினன்டிடம் போய்ச் சொன்னேன்:
"இறக்கிக் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன்.
சோப்பு என் செலவு."
அவர் கழுத்துவரை சிவந்தார்.
அதற்கென்று விதி இருக்கிறது அம்மா, என்றார்.

நவம்பரில் மறுபடி நின்றது.
இந்தமுறை எதிரே முதலாளி இல்லை, அரசாங்கம்.
நீதிபதி சங்கத்துக்குப் போட்ட அபராதம் கேட்டு
லெமுயெல் டாலிவர்
அது எத்தனை டன் என்று சுவரில் கணக்குப் போட்டார்.
பென்சில் தீர்ந்தது. தொகை தீரவில்லை.

ஒருநாள் இருட்டியபின் கதவு தட்டப்பட்டது.
விட்கோம். கோட்டுக்குள் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.
"புதிது இன்னும் வரவில்லை" என்றார்.
பிறகு, தரையைப் பார்த்து,
"சோப்பு கொண்டுவந்திருக்கிறேன்."

யுராய் ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டியை அவனே அடுப்பருகே இழுத்துப் போட்டான்.
முதல் தண்ணீர் மை.
இரண்டாவது, மூன்றாவது, ஆற்று நீர்.
நான்காவதில் சிவப்பு தெரிந்தது, நீலமும் கொஞ்சம்.
வெள்ளைக் கோடு மட்டும் சாம்பலாகவே கிடந்தது.

இன்னொரு தண்ணீர் காய்ச்சினால் போய்விடும் என்றேன்.
யுராய் கரிவாளியைக் கவிழ்த்துக் காட்டினான்.