எட்டுப் போர்ஷன், ஒரே மெயின்

ஊர்ப் பெயரே எண்ணில்தான் தொடங்குகிறது:
பதினைந்து வேலம்பாளையம்.
இரண்டாவது வீதி, மூன்று மாடி, எட்டுப் போர்ஷன்.
நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு மெயின் ஃபியூஸ் கருகி
பீங்கான் வெடித்து
படிக்கட்டு முழுக்க மீன் தீய்ந்த நாற்றம்.
லைன்மேன் தற்காலிகமாகக் கம்பி சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

"கட்டுனப்ப ஏசி ஏதுங் அம்மணி,
ஊட்டுக்கு நாலு டியூப்லைட்டு, மூணு ஃபேனு"
என்கிறார் உரிமையாளர் தெய்வசிகாமணி.
அன்றைய கணக்கு அன்றைக்குச் சரி.
பேனாவைத் திறந்து மேலிருந்து தொடங்குகிறேன்.

எட்டில் ஏசி ஒன்றரை டன், கீசர் இரண்டாயிரம் வாட்.
ஏழில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர்,
ஒரே இண்டக்‌ஷன் அடுப்பு, ஷிஃப்ட் போட்டுச் சமையல்,
சார்ஜர் மட்டும் பதினொன்று.
ஆறு பூட்டியிருக்கிறது. மீட்டரின் சிவப்புப் பொட்டு சிமிட்டுகிறது:
ஆளில்லாத வீட்டில் யாருக்கோ ஐஸ் உறைகிறது.

ஐந்தில் சுகந்தாமணி.
"மிஷினெல்லாம் இல்லீங்."
கட்டிலோரம் பெட்ஷீட் போர்த்திய ஓர் உருவம்.
சேலை விளிம்பில் பனியன் துணியின் வெள்ளைப் பிசிறு.
ஓவர்லாக், அரை ஹெச்பி, முந்நூற்று எழுபது வாட்.
தெரிந்தால் வீட்டு டாரிஃப் போய்விடும்.
எழுதினேன்: மிக்ஸி, இரண்டு.
பெயர் எதுவானாலும் கம்பிக்கு வேண்டியது வாட் மட்டும்.

மூன்றில் ரஹ்மத்துன்னிசா.
கட்டிலருகே முனகுகிறது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்,
கட்டிலில் முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்தவர்.
"எத்தனை மணி நேரம் ஓடும்?"
"நிறுத்தறதே இல்லீங்க."
"நேத்து?"
"சிலிண்டர் ஒண்ணு இருந்துச்சு. நாப்பது நிமிசத்துக்கு."
மேலே எதுவும் கேட்கவில்லை.
முந்நூற்று ஐம்பது வாட்.
இஸ்திரிப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு.

போர்வெல், சம்ப் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்த்துக்
கூட்டினால் அறுபத்தெட்டு கிலோவாட்.
"அடக் கெரகமே" என்றார் தெய்வசிகாமணி.

பயப்படாதீங்க, இதை அப்படியே எடுத்துக்க மாட்டோம்.
டைவர்சிட்டி என்று ஒன்று இருக்கிறது:
எட்டு வீடும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாது.
இவர் குளிக்கும்போது அவர் தூங்குவார்,
அவர் துவைக்கும்போது இவர் கம்பெனியில் இருப்பார்.
பாதி போட்டால் முப்பத்து நான்கு,
ஐம்பத்து மூன்று ஆம்பியர்.
மனிதர்கள் ஒத்துப்போகாத அளவுக்குக்
கேபிள் மெலிந்துகொள்ளலாம்.

சொல்லி முடிக்கும்போதுதான் தட்டியது.
"நேத்து தண்ணி உட்ட நாளுங்களா?"
"ஆமாங், பத்து நாளு களிச்சு. எட்டு மணிக்கு உட்டான்."

பத்து நாள் அழுக்கு.
எல்லா வாஷிங் மிஷினும், எல்லா கீசரும்,
சம்ப் மோட்டாரும், அதற்குமேல் ஏசியும்.
எந்த விஷயத்திலும் சேராத எட்டு வீடும்
ஒன்றாகக் கூடிய ஒரே இரவு.

அரையை அடித்துவிட்டு ஏழு பத்தில் என்று எழுதினேன்.
எழுபத்து நான்கு ஆம்பியர்.
"இருவத்தஞ்சு ஸ்கொயர் போதாதுங்களா?"
போதும், தண்ணி வராத ஊரில்.
முப்பத்தைந்து போட்டேன், அலுமினியம், ஆர்மர்டு.

மூன்றாம் எண்ணுக்கு நேரே
காரணிக் கட்டத்தில் ஒன்று.
அதைக் குறைக்க எந்தப் புத்தகத்திலும் எனக்கு அனுமதி இல்லை.

எஸ்டிமேட்டின் கடைசி வரி:
படிக்கட்டு விளக்குக்கு இன்வெர்ட்டர்,
நூற்றைம்பது ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு,
மூன்றாம் எண் வரை ஒரு தனி வயர்.

தெய்வசிகாமணி கண்ணாடியை இறக்கிப் படித்தார்.
நிட்டிங் கம்பெனியில் இருபது வருஷம் கணக்கெழுதியவர்.
"நாலு எல்இடி பல்புக்கு ரெண்டு பேட்டரிங்களா?"
"மூணு மாடிங்களே" என்றேன்.

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மேலே எங்கோ ஓவர்லாக் ஓடத் தொடங்கியது.
"மிக்ஸி ரொம்ப நேரமா ஓடுது" என்றார்,
பேனாவை வாங்கிக்கொண்டு.