நாற்பது நிமிடம்

முதல் வாரம் ஐந்து குதிரைகள் வரைந்தான் துவ்ஷின்.
ஒன்றுக்கும் கால் இல்லை.
வயிற்றோடு முடிந்துவிட்ட குதிரைகள்.
நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு.
கையாலாகாமை என்று கோப்பில் எழுதினேன்,
பேனாவை மூடினேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவு.
ஜன்னலுக்கு வெளியே கரிப்புகை
மூன்று மணியை ஏழு மணி ஆக்கியிருந்தது.
பள்ளியில் எனக்குத் தந்திருப்பது
நிலப்படங்கள் போட்டுவைக்கும் அறை:
ஒரு சோபா, ஒரு ஹீட்டர், சுருட்டி நிறுத்திய ஆப்பிரிக்கா.

வகுப்பாசிரியை பாயர்மாவின் சீட்டு:
வயது ஒன்பது. வகுப்பில் தூங்குகிறான். சோம்பேறி.
எழுப்பினால் அடிக்க வருகிறான்.

நாலாவது வாரம்தான் கேட்கத் தோன்றியது
(இவ்வளவு நாளா என்று நீங்கள் கேட்காதீர்கள்):
"குதிரைக்குக் காலெல்லாம் எங்கே?"

ஏற இறங்கப் பார்த்தான்,
நகரத்து ஆளுக்கு எல்லாவற்றையும் விளக்கவேண்டியிருக்கிறதே என்று.
"பனிக்குள்ள இருக்கு.
எல்லாம் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

கோப்பில் எழுதியதை அன்றைக்கே அடித்தேன்.

நின்றபடியே செத்தவை அவை என்பது
வேறொரு நாள் வந்தது,
ஷூ நாடாவிடம் சொல்வதுபோல் குனிந்து சொன்னபோது.
காற்று திசைமாறிய இரவு. முந்நூறு ஆடு.
அப்பா கத்திய கத்தில் எழுந்தால் விடிந்திருந்தது.
"நான் தூங்கிட்டேன்" என்றான்.
இந்த ஒரு வரியைத்தான்
இரண்டு குளிர்காலமாக ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தான்.

இப்போது அப்பா இரவில் லாரி ஓட்டுகிறார்.
அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை.
கூடாரத்து அடுப்பு அணையக் கூடாது.
மணிக்கொரு தரம்
தங்கை யெசூயின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான்.
பகலில்தான் தூங்க முடியும்.
பகலில் யாராவது விழித்திருப்பார்கள்.

"உன் தப்பில்லை" என்பது நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
சொன்னால் தலையாட்டுவான்,
பெரியவர்களின் நிம்மதிக்காகப் பிள்ளைகள் ஆட்டும் அந்தத் தலையாட்டல்.

"அன்னைக்கு வேற யாரெல்லாம் தூங்கினாங்க?"
விரல் மடக்கினான்.
அப்பா. அம்மா. சித்தப்பா. யெசூய்.
நாய்.
நாயிடம் வந்ததும் விரல் நின்றது.
"நாய்கூடத் தூங்கிடுச்சு" என்றான்,
யாரோ சொல்லித் தானே கேட்டவனைப் போல.

அப்பாவுக்குப் பகல் ஷிப்டு வாங்க ஏழு வாரம் ஆனது.
முதலாளியின் மேஜைமுன் நான் போட்ட சண்டையை
இங்கே எழுதப் போவதில்லை.

இன்று வந்தான். க்ரேயான் டப்பாவைத் தொடவில்லை.
"நீங்க முழிச்சிருப்பீங்களா?"
"இருப்பேன்."
சோபாவில் பூட்ஸோடு சுருண்டுகொண்டான்.
போனை அணைத்தேன். இருமலை அடக்கினேன்.
ஆப்பிரிக்காவை ஓசைப்படாமல் நகர்த்தி
ஜன்னல் வெளிச்சத்தை மறைத்தேன்.

அமர்வு: நாற்பது நிமிடம். தூங்கினான்.
முன்னேற்றம் என்ற கட்டம் அப்படியே கிடக்கிறது.

மணி அடிக்கிறது. அடுத்தது கணக்கு.
பாயர்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.