எட்டைத் தாண்டாமல்

கேஸ் நிரப்பினால் மூன்று மாதம்.
கம்ப்ரசர் மாற்றினால் ஒரு வருஷம்,
வோல்டேஜ் எகிறி எரிந்துபோனால் அதுவும் கிடையாது.
பில்லின் பின்பக்கம் இந்தியில் அச்சடித்திருக்கிறேன்.
திரிலோக்புரியில் பன்னிரண்டு வருஷமாக
இதைச் சொல்லித்தான் சோறு.

அதனால் கேட்டுவிட்டேன்,
மடியில் மித்ரா திமிறத் திமிற:
"சிஸ்டர், இது எத்தனை நாளைக்கு?"

நேகி சிஸ்டர் சிரிக்கவில்லை.
முனை கிழிந்த அட்டையை என் பக்கம் திருப்பினார்.
பிறக்கும்போது கொளஞ்சி ரத்தத்தில் கட்டிக் கொடுத்தது
சில மாதம் இருந்து கரைந்ததாம்.
அது கரையும் நேரம் பார்த்து, ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசி.
ஒன்றரை வயசில் இன்னொன்று.
அநேகமாக அது ஆயுசுக்கும் நிற்கும்.
கக்குவான் ஊசி அப்படியில்லை, வருஷத்துக்கு வருஷம் தேயும்,
அதற்குத்தான் இந்த ஐந்து வயசு ஊசி.
"உங்கள் பெண்ணுக்கு இத்தனை நாள் என்று
தேதி போட்டுத் தர யாராலும் முடியாது."

இப்படி ஒரு பதிலை நான் சொன்னால்
கஸ்டமர் செருப்பைத் தேடுவான்.

அவர் முதுகுக்குப் பின்னால்
உறுமிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி.
போன ஜூன். ராத்திரி பதினொன்றரைக்கும் சுவர் சுட்டது.
போன கரண்ட் திரும்பி வந்த அடியில் ரிலே கருகி,
முள் ஏழில்.
மூடியைத் தொடவிடவில்லை நேகி சிஸ்டர்.
"எட்டைத் தாண்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தேன்.
ஏழரை.
ஏழரையிலேயே நின்றது வெகுநேரம்.
பிறகு ஆறு. பால்காரன் மணியடிக்கும்போது நான்கு.
முன்னூற்று நாற்பது ரூபாய்க்கு பில்.
கியாரண்டி எழுதும் இடத்தில் என்ன எழுதினேனோ.

இன்று அதே பெட்டியிலிருந்து ஒரு குப்பி.
மித்ரா என் சட்டைப் பித்தானைப் பிய்த்தெடுத்தாள்,
அழுதது நான்தான் என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ராத்திரி கொளஞ்சி கேட்டாள்,
"எத்தனை நாளைக்காம்?"
"பத்து வயசில் அடுத்த ஊசிக்கு வரச் சொன்னார்கள்."
"அதுவரைக்கும்?"
"பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேல்வீட்டுச் சுமன் தேவிக்கு
மூன்று பிள்ளைகள், அதை எண்ணுகிறாள் போல.

லேசாக ஜுரம் வரும், பயப்பட வேண்டாம் என்றிருந்தார்.
கம்ப்ரசர் சூடு பார்க்கிற மாதிரி
புறங்கையை மித்ராவின் நெற்றியில் வைத்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது.