மூச்சை அடக்குங்க

அரசு மருத்துவமனை, எக்ஸ்ரே அறை.
நாளைக்கு எண்பது முறையாவது சொல்கிறேன்:
மூச்சை இழுங்க
அடக்குங்க
அசையாதீங்க
விடுங்க.

இருபத்திரண்டு வருடமாகக்
கடலூரின் விலா எலும்புகளைப் பார்த்துவருகிறேன்.
தேவனாம்பட்டினம், வண்டிப்பாளையம், முதுநகர்,
எல்லோருக்கும் பன்னிரண்டு ஜோடி.

மஞ்சக்குப்பம் மொட்டைமாடியில்
என் பீப்பாய்க் கள்ளிக்கு இருபத்தொன்று.
தவளக்குப்பம் நர்சரியில் வாங்கியபோது
எலுமிச்சை அளவு, பதின்மூன்று விலா.
வளர வளரப் புதிது பிளந்துகொண்டது.
"தினம் கவனிக்காதீங்க மேடம்,
மறந்தீங்கன்னா பொழச்சுக்கும்,"
அவ்வளவுதான் நர்சரிக்காரர் சொன்னது.
மறக்கத்தான் பழக வேண்டியிருந்தது.

அக்னி நட்சத்திரத்தில் விலா ஒட்டும்.
ஒரு கோடை மழை பெய்தால் நாலே நாளில்
ஆர்மோனியத் துருத்தி மாதிரி
மடிப்பு மடிப்பாக விரியும்.
முள்ளெல்லாம் சிவப்புக் கொக்கி.
தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த மகிமைராஜன்
விரலைக் கிழித்துக்கொண்டு சொன்னான்:
"நெத்திலிக்கு ஆகாதுக்கா,
சூரை மாட்டும்."

வெயில் ஒன்றும் செய்யாது.
ஐப்பசிதான் அதற்குக் கண்டம்.
வேர் ஊறி, அடி கறுத்து,
நின்றபடியே அழுகிவிடும்.
அதனால் கூரை போட்டேன்,
யாரும் வாங்கிப் போகாத பழைய படச்சுருள்களால்.
மூங்கில் குச்சி நான்கு, நைலான் கயிறு.
மழை விட்டு வெயில் அடிக்கும் மதியங்களில்
யாருடைய மார்போ
அதன் மேல் சாம்பல் நிறத்தில் விழுகிறது.
விலா மேல் விலா.

பரங்கிப்பேட்டை கவுஸ் மைதீனைத்
தொடர் இருமலென்று அனுப்பியிருந்தார்கள்.
சரக்குக் கப்பலில் எண்ணெய் போடுகிறவர்.
கைபேசியில் என் கள்ளியைப் பார்த்துச் சிரித்தார்.
"இது சட்டியிலயா இருக்கு?
மெக்சிகோவுல இறங்கினப்போ
மலையடிவாரம் பூரா பார்த்தேன்.
ஆள் இடுப்பு உசரம்.
எல்லாம் தெக்கே சாஞ்சு நிக்கும்,
சொல்லிவெச்ச மாதிரி.
வழி தவறினவனுக்கு அதான் திசைகாட்டியாம்."

"சட்டையக் கழட்டிட்டுப் பலகையில சாயுங்க,"
என்றேன்.

அன்று மாலை மாடியேறிப் பார்த்தேன்.
என்னுடையது எங்கும் சாயவில்லை.
இங்கே சூரியன்
சித்திரை பிறந்ததும் உச்சி தாண்டி வடக்கே போகிறது,
ஆவணியில்தான் திரும்புகிறது.
ஒரு பக்கமாக இழுக்க
அதற்கு நேரம் கொடுப்பதில்லை.
நிமிர்ந்து நிற்கிறது,
யாருக்கும் வழி சொல்லாமல்.

ஒரு முறை, போன தை மாதம்,
அடக்குங்க என்று சொல்லிவிட்டுப்
பொத்தானை அழுத்தினேன்.
போன் அடித்தது.
வீட்டுக்காரர், வாடகை ஆயிரம் ஏற்றம்.
பேசி முடித்துத் திரும்பினால்
பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரி உடைக்கும் பெண்,
தனபாக்கியம்,
கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க,
பலகையை அணைத்தபடி நிற்கிறாள்.
ஓடிப்போய் விடுங்க விடுங்க என்றேன்.
இறைத்த மூச்சுக்கு நடுவே
"நீங்க சொல்லலியே," என்றாள்.
கோபமே இல்லை அந்தக் குரலில்.
அதுதான் இன்னும் கேட்கிறது.

கள்ளி பகலில் மூச்சு விடாது.
தோலில் இருக்கும் துளைகளை
விடிந்ததும் சாத்திக்கொள்ளும்,
உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல்.
ஊரடங்கியபின் திறக்கும்.
ஒரு பகல் முழுக்க,
யாரும் சொல்லாமலே
அடக்கிக்கொண்டு நிற்கிறது.

நேற்றிரவு மின்சாரம் போய்
புழுக்கத்தில் பாயோடு மேலே வந்தேன்.
துறைமுகப் பக்கம் ஒரு படகு எஞ்சின்.
உப்புக்காற்றில் படச்சுருள் ஒன்று
படபடத்துக்கொண்டிருந்தது.
மெதுவாகத்தான் சொன்னேன்:
விடுங்க.

பக்கத்து மாடியில் யாரோ
டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

கவுஸ் மைதீனின் படத்தில்
ஒன்றும் இல்லை, சுத்தம்.
வாங்கிப் போக அவர் வரவில்லை.
கப்பல் கிளம்பியிருக்கும்.
கார்த்திகை வரைக்கும் பார்ப்பேன்,
அப்புறம் மாடிக்கு.