மூன்றாவது கட்டம்

உரிமையாளர் பெயர், விலாசம்,
மூன்றாவது கட்டம்: இனம்.
என் பேனை எப்போதும் நிற்கிற இடம்.

பரராசசிங்கம் மாட்டைப் பூவரசில் கட்டிவிட்டு வந்து
மேசைக்கு மேலே குனிந்தார்.
"வடக்கன் எண்டு போடுங்கோ ஐயா.
கலப்பெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

இறைச்சிக்குப் போகிற மாடு.
மஃறூப் வெளியே சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார்
கயிற்றின் மறுநுனிக்காக.

திணைக்களத்தின் பட்டியலில்
சிந்தி உண்டு, சாகிவால் உண்டு,
மழைக்கோட்டுப் போட்ட நாட்டின் ஜேர்சி உண்டு.
வடக்கன் இல்லை.
அக்கரையிலிருந்து வத்தையில் வந்ததாம்
கண்ணுக்குச் சாக்குக் கட்டி.
கரை தெரிகிற ஆழத்தில் தள்ளிவிடுவார்களாம்.
நீந்தி ஏறினது சந்தைக்கு,
ஏறாதது மீனுக்கு.

வடக்கேயிருந்து வந்ததால் வடக்கன்.
எங்களுக்கும் ஒரு வடக்கு இருந்திருக்கிறது!
கொழும்பில் பயிற்சிக்குப் போன வருடம்
என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்,
திமில் இல்லாமலே.

வாசலில் ஒரு சோடி வடக்கன் நின்றால்
கலியாணத் தரகர் சாதகம் கேட்கமாட்டார் என்பது
நீர்வேலிப் பக்கத்துப் பேச்சு.
பிள்ளைகள் பிளேன்ரீ குடித்த வீட்டில்
முட்டையும் உழுத்தங்களியும் தின்ற மாடு.
சவாரித் தரவையில் ஒரு முழத்தால் தோற்றதற்கு
இரண்டு மச்சான்மார் பதினேழு வருடம் கதைக்கவில்லை.

மஃறூப்பைக் கேட்டால் வேறு கதை.
"வடக்கனோ? நார் சேர், நார்.
ஓடின இறைச்சி, அஞ்சு விசிலுக்கும் அவியாது.
ஊர் நாம்பன் எண்டால் சனம் கேட்டு வாங்கும்."

எழும்பிப் போய்ப் பார்த்தேன்.
பல் தேய்ந்திருந்தது, வயசு சரி.
கொம்பு வடக்கன்தான்.
கண்ணைச் சுற்றின கறுப்பு எவனோ ஜேர்சியுடையது.
குளம்பு இந்தச் செம்மண்ணின் குட்டை மாட்டுக் குளம்பு.
தொடையில் குறி, சுட்ட இடத்தில் மயிரில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லாக் கட்டைகளிலும் கயிறு அவிழ்ந்தது.
சனம் செம்மணி தாண்டிப் போக
பட்டிகள் தாமாகவே கூடின.
எந்தப் பசு எந்தக் காளையோடு என்று எழுத
அந்த ஆறு மாதம் உத்தியோகத்தர் ஒருவரும் இல்லை.
திரும்பி வந்தவர்கள் குறியைப் பார்த்துப் பிடித்தார்கள்.
தோலுக்குக் கீழே யார் ஓடுகிறார் என்று
குறிக்கு எப்படித் தெரியும்?

அதற்கும் ஐந்து வருடம் முந்தியே
மஃறூப்பின் வாப்பா புத்தளத்தில்.
அகதி முகாமில் அவரும் படிவம் நிரப்பியிருப்பார்,
இதே கட்டம், இதே சொல்.
திரும்பி வந்தபோது சோனகத் தெருக் கடையில்
வெட்டுக்குற்றி மட்டும் மிச்சம் இருந்ததாம்.
அதற்குள்ளே ஒரு ஆல் முளைத்து.

கதிரையில் வந்து இருந்தேன்.
வ என்று எழுதினேன்.
பிறகு மிச்சத்தையும் எழுதினேன்.
பணிப்பாளர் திருப்பி அனுப்பட்டும்.

பரராசசிங்கம் நாணயக்கயிற்றைக் கழற்றிக்கொண்டார்.
மஃறூப் தன் கயிற்றைப் போட்டார்.
மாடு ஒருதரம் மூக்கை உதறிப் பார்த்தது,
லேசாயிருந்தது போல.

"நாங்கள் சைவம் ஐயா" என்றார், கேட்காமலே.
காசை எண்ணாமல் மடியில் செருகினார்.
போகவில்லை.
படிவத்தில் ஒரு பிரதி கிடைக்குமோ என்றார்.
எதுக்கு?
"சும்மாதான்.
வடக்கன் எண்டு அரசாங்கமே எழுதின கடதாசி."

முத்திரை காயவில்லை.
வாசல் வரை ஊதிக்கொண்டே போனார்.